தவளை அறுப்பு நின்றது சரி, அதன் இடத்தில் என்ன வந்தது? (உயிரியல் வகுப்பில் சிமுலேஷன்)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் வழிப் பிரிவும் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம்.

தவளையை அறுத்துக் காட்டுவது இங்கே எப்போதோ நின்றுவிட்டது. நின்றது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் இடத்தில் ஒன்றும் வரவில்லை. மெழுகுத் தட்டு இருந்த மேசையில் இப்போது ஒரு சார்ட் கிடக்கிறது, அலமாரியில் நிறம் போன ஃபார்மலின் ஜாடிகள். தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். "உடலிலிருந்து எடுத்த பிறகும் அந்த இதயம் ஏன் துடிக்கிறது?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. துடிக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டாஃப் ரூமில் மூத்த ஆசிரியர் ஒருவர், கத்தியைத் தொடாதவனுக்கு விலங்கியல் வராது என்கிறார். இன்னொருவர், எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. கணினி சிமுலேஷன் (பரிசோதனையைத் திரையில் செய்து பார்க்க வைக்கிற நிரல்) வைத்து உண்மையிலேயே பாடம் நடத்திய யாராவது இருந்தால் சொல்லுங்கள். எது பயன்பட்டது, எதில் ஏமாந்தீர்கள்? எங்கள் கணினி அறையில் கைட் (கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனம்) கொடுத்த லினக்ஸ்தான். இணையம் வரும், போகும்.

---

நகரி மருந்தியல்

டீச்சர், நான் ஆந்திரப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன், சொந்த ஊர் நகரி. பள்ளிக்கூடத்தில் இருக்கும் வெற்றிடம் எங்கள் துறையில் அவ்வளவு இல்லை. காரணம், எங்களுக்குத் தடையோடு சேர்ந்தே மாற்றும் வந்தது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்ற கற்பித்தல் கருவிகள் அதே அளவுக்குப் போதுமானால், மருத்துவப் பள்ளி, மருத்துவமனை, கல்லூரி போன்ற இடங்களில் விலங்குப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளுக்குக் கணினி வராத காலத்தில் எழுதிய வரி அது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கியல் படிப்புகளில் டிசெக்‌ஷனைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014-இல் இளநிலை முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொன்னது. மருத்துவத்தில் 2019 பாடத்திட்டமே வெளிப்படையாக எழுதிவிட்டது: இரத்த அழுத்தத்தில் மருந்துகளின் விளைவைக் கணினி உதவியோடு காட்டு, தவளையின் நரம்பு-தசைப் பரிசோதனைகளையும் இதயப் பரிசோதனைகளையும் கணினி உதவியோடு பார்க்கச் செய். பி.ஃபார்ம் பாடத்திட்டத்திலும் விலங்குப் பரிசோதனைகளை மென்பொருளிலும் வீடியோவிலும் காட்டினால் போதும் என்ற குறிப்பு இருக்கிறது.

நமக்குப் பெருமையான ஒரு விஷயமும் உண்டு. எங்கள் துறையில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற எக்ஸ்ஃபார்ம் நிரல், புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியர் ரவீந்திரன் உருவாக்கியது. முயலின் கண், தவளையின் இதயம், கினிப்பன்றியின் சிறுகுடல், நாயின் இரத்த அழுத்தம் என்று நாங்கள் மாணவர்களாக இருந்தபோது உயிரோடு செய்த பரிசோதனைகள் அதில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஜான் டெம்ப்ஸ்டர் எழுதிய நிரல்களும் இலவசம். அதில் பிரித்தெடுத்த உறுப்பை வைத்து மருந்து விடுகிற உறுப்புத் தொட்டியும் உண்டு, எலியின் இரத்த ஓட்டமும் உண்டு.

முயல் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அட்ரோபின் விட்டால் பாப்பா (கண்ணின் நடுத் துளை) விரியும், வெளிச்சம் பட்டாலும் சுருங்காது. எஃபிட்ரின் விட்டாலும் விரியும், ஆனால் வெளிச்சத்துக்குச் சுருங்கும். பெயர் சொல்லாத ஒரு மருந்தைக் கொடுத்து இது எது என்று கேட்டால், மாணவன் டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். திரையில் என் மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உயிருள்ள முயல் இருந்த காலத்தில் முப்பது பேருக்கு ஒரு முயல். முன்வரிசையில் நின்றவன் பார்த்தான், பின்னால் நின்றவன் முதுகைத்தான் பார்த்தான். விலங்கு இருந்தபோது எல்லோரும் கற்றோம் என்று பேசுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

---

வேலந்தாவளம் மாணவி

நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன், எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் பக்கம் தினமும் போய் வருகிறேன். மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கும் சிமுலேஷன்தான். ஆனால் அது ப்ரொஜெக்டரில் ஓடும். சார் ஒரு பொத்தானை அழுத்துவார், கோடு வரும், அந்தக் கோட்டை நாங்கள் ரெக்கார்டு நோட்டில் வரைவோம். வகுப்பில் எல்லோர் ரெக்கார்டிலும் ஒரே கோடு, ஒரே எண். இதில் பரிசோதனை எங்கே இருக்கிறது? புத்தகத்தில் இருந்த படம் சுவருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உயிரைக் கொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிளஸ் டூ முடித்து விலங்கியல் எடுக்கத் தயங்கியதே அந்த பயத்தால்தான். இப்போது அறுப்பு இல்லை என்று தெரிந்த பிறகே சேர்ந்தேன். அதனால்தான் இது என்னை உறுத்துகிறது. எங்களுக்காக ஒரு மாற்றம் செய்தார்கள், ஆனால் அதைச் செய்ததோடு விட்டுவிட்டார்கள்.

---

பழைய விலங்கியல்

இழையை முழுக்கப் படித்தேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், ஊர் சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர்). மறுபக்கத்தை யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு பிரித்தெடுப்போம். கண்ணாடித் தண்டால் மட்டுமே நரம்பைத் தொடலாம், உலோகம் பட்டால் போயிற்று. ரிங்கர் என்ற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தசை காய்ந்துவிடும். கைமோகிராஃப் என்ற பதிவுக் கருவியின் சுழலும் உருளையில் கரி பிடித்த காகிதம் சுற்றி, தசை சுருங்கும்போது எழுத்தூசி கீறுகிற வெள்ளைக் கோட்டைப் பார்ப்போம். பிறகு அந்தக் காகிதத்தை அரக்குக் கரைசலில் முக்கி எடுத்துக் காயவைப்போம். ஒரு சுருக்கம் முழுவதும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அதில் முதலில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஒன்றுமே நடக்காது, கோடு தட்டையாகவே போகும். அந்தத் தட்டையான துண்டைத் தன் கையால் எடுத்த காகிதத்தில் பார்க்கிற மாணவனுக்கு வருகிற அதிர்ச்சி வேறு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பரிசோதனை தோற்கும். தசை களைக்கும், நரம்பு நசுங்கும், ஊசி காகிதத்தில் அழுத்தமாக உட்காரும். ஏன் தோற்றது என்று தேடுகிறபோதுதான் உடலியல் புரிகிறது. கிணற்றில் இறங்காமல் கரையில் நின்றபடி நீச்சல் கற்க முடியாது. திரையில் எதுவும் தோற்காது அல்லவா?

பிள்ளைகளின் மென்மையான மனதை நான் மதிக்கிறேன். ஆனால் நாளைக்கு ஆராய்ச்சிக்குப் போகிறவன் ஏதாவது ஒரு கட்டத்தில் உண்மையான திசுவைத் தொட்டாக வேண்டும். அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

---

கொல்லங்கோடு கால்நடை

ஐயா, வணக்கம். நான் கால்நடை மருத்துவர். கைப்பழக்கம் இல்லாமல் என் தொழில் இல்லை, அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கைப்பழக்கத்துக்காக ஓர் உயிரைக் கொல்லத்தான் வேண்டும் என்பது இல்லை.

தையல், முடிச்சு, ஊசி போடுவது, குழாய் செருகுவது எல்லாவற்றுக்கும் இன்று மாதிரிகள் இருக்கின்றன. நோயால் இறந்த விலங்கை உரிமையாளர் சம்மதத்தோடு பெற்று உடற்கூறு படிக்கலாம். அடுத்த படி, சிகிச்சை தேவைப்படுகிற விலங்கிலேயே மூத்தவர் பக்கத்தில் நின்று கற்பது. தெருநாய்க் கருத்தடை அறுவைசிகிச்சைகளில் எத்தனையோ இளம் மருத்துவர்கள் கை பழகியிருக்கிறார்கள். அங்கே நாய் தையல் ஆறிப் பிழைத்து, அதே தெருவுக்குத் திரும்பிப் போகிறது.

ஒரு பள்ளி மாணவி தவளையின் வயிற்றைக் கீறுவதால் என்ன கைத்திறன் பெறுகிறாள்? நேர்மையாகச் சொன்னால், பயத்தை அடக்குகிற பழக்கம்தான். அது தேவைப்படுகிறவர்கள் கால்நடைக் கல்லூரிக்கு வந்து பெறட்டும்.

டீச்சருக்கு ஒரு யோசனை. இதயம் பார்க்க வேண்டுமென்றால் தவளை எதற்கு? கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஆட்டின் இதயத்தைக் கீறாமல், மேலே இரத்தக் குழாய்கள் ஓர் அங்குலமாவது ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டித் தரச் சொல்லுங்கள். உணவுக்காக வெட்டிய ஆடு அது, பாடத்துக்காக ஓர் உயிர் கூடுதலாகப் போகவில்லை. இடது கீழறைச் சுவரின் தடிமனையும் வலது கீழறைச் சுவரையும் விரலால் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வால்வுகளை இழுத்துப் பிடிக்கிற வெள்ளை நாண்களைப் பார்த்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் இதயத்துக்குத் தவளையினுடையதை விட அதுதான் நெருக்கம். கையுறை, சோப்பு கட்டாயம். இறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்கு மாதிரியோ படமோ போதும்.

---

சத்தியவேடு நிரலாளர்

மாணவி எழுதியது என்னை மிகவும் பாதித்தது. நான் மென்பொருள்காரன், கல்விக்கான நிரல்கள் எழுதுகிறேன். அவர் சொல்கிற குறைக்கான காரணத்தைச் சொல்கிறேன்.

சிமுலேஷன் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் சந்தையில் இருக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே பதிவு செய்த படங்களை வரிசையாகக் காட்டுவது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே கோடுதான் வரும். மற்றொன்று, உள்ளே சமன்பாடு ஓடுவது. நீங்கள் கொடுக்கிற அளவைப் பொறுத்து விடை மாறும். முதல் வகை பாடப்புத்தகம், இரண்டாவது வகைதான் பரிசோதனைக்குப் பக்கத்தில் வருகிறது.

வாங்குவதற்கு முன்னால், அல்லது இலவசமானாலும் வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், யாரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மருந்தின் அளவை ஒரு விசித்திரமான எண்ணாகக் கொடுத்துப் பாருங்கள், 10, 20 என்று இல்லாமல் 13.7 என்று. வாங்கிக்கொள்கிறதா? அப்புறம் அதே பரிசோதனையை மூடிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். எண் அச்சடித்த மாதிரி அப்படியே வருகிறதா, கொஞ்சம் மாறுகிறதா? நிஜத்தில் எந்த இரண்டு தவளைத் தசையும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல நிரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறுபட்ட ஒரு "திசுவை"த் தர வேண்டும். அப்போது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விடை வரும், சராசரி எடுக்க வேண்டி வரும், ஏன் மாறுகிறது என்று பேச வேண்டி வரும்.

பழைய விலங்கியல் ஐயா, திரையில் எதுவும் தோற்காது என்றீர்கள். தோற்கவைக்கலாம் ஐயா. ரிங்கர் விடாவிட்டால் துடிப்பு குறையட்டும், அடுத்தடுத்துத் தூண்டினால் களைக்கட்டும், நரம்பை இழுத்தால் செத்துப்போகட்டும். இதெல்லாம் நிரலில் எழுதக்கூடியதுதான். இதுவரை பலர் எழுதவில்லை என்றால், அதைக் கேட்டு வாங்க யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

இன்னொரு வரலாறும் சொல்ல ஆசை. நரம்புத் தூண்டல் எப்படி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் அளந்து, 1952-இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963-இல் நோபல் பரிசு. அப்போது கேம்பிரிட்ஜ் கணினி வேலை செய்யவில்லை என்பதால், அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தார். காகிதத்தில் கணக்காக வந்த கோடு, கணவாயில் அளந்த கோட்டோடு பொருந்தியது. அதே சமன்பாடுகளை இன்று ஒரு பழைய பள்ளிக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் போடும். டீச்சர் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. வாளையார் தாண்டினால் எட்டிமடையில் வளாகம் உள்ள அம்ரிதா பல்கலைக்கழகம், மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் நரம்பியல் பரிசோதனைகளைச் செய்திருக்கிறது, அவற்றில் சிலவற்றின் அடிப்படையே இந்தச் சமன்பாடுகள்தான்.

அந்தக் கணவாய்கள் அன்று உயிரைக் கொடுத்தன. அதில் கிடைத்த அறிவு எழுத்தாக நம்மிடம் இருக்கிறது. அதே விடையைத் திரும்பப் பார்க்க ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக ஓர் உயிர் எதற்கு?

---

நகரி மருந்தியல்

சத்தியவேடு தம்பி சொன்ன இரண்டு வகை மிகச் சரி. அதற்கு எங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம்.

தவளையின் வயிற்றுத் தசையில் அசிட்டைல்கோலின் (நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்) விட்டால் சுருங்கும். அளவைக் கூட்டக் கூட்டச் சுருக்கம் கூடும், ஓர் எல்லைக்கு மேல் கூடாது. வரைந்தால் எஸ் போல வளைந்த கோடு. இப்போது டியூபோகுராரின் என்ற தடைமருந்தைச் சேர்த்துவிட்டு மறுபடியும் செய்தால் கோடு முழுதாக வலப்பக்கம் நகரும், உச்சம் மட்டும் அப்படியே இருக்கும். அதாவது அதே விளைவுக்கு இன்னும் அதிக மருந்து வேண்டும், ஆனால் போதிய அளவு விட்டால் தடையை வெல்லலாம். இரண்டு மருந்தும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்பது அந்த நகர்விலிருந்து புரியும்.

உயிருள்ள தசையில் இதைச் செய்த காலத்தில், முதல் கோட்டை முடிப்பதற்குள்ளேயே பிராக்டிகல் நேரம் முடிந்துவிடும். இரண்டாவது கோட்டைப் பெரும்பாலோர் வாத்தியார் கொடுத்த எண்ணை வைத்துத்தான் வரைந்தார்கள். சிமுலேஷனில் என் மாணவர்கள் இரண்டையும் முடித்து, தடைமருந்தின் அளவை மாற்றினால் கோடு எவ்வளவு நகர்கிறது என்றும் பார்க்கிறார்கள். வகுப்பில் நான் கண்ட பெரிய லாபம் இதுதான். கேள்வி கேட்க நேரம் கிடைக்கிறது.

ஆய்வுகளும் இதற்கு எதிராக இல்லை. 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கொல்லாத கற்பித்தல் முறைகளைப் பழைய முறையோடு ஒப்பிட்ட 50 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் பத்தில் ஒன்பது, மாணவர்கள் சமமாகவோ கூடுதலாகவோ கற்றதாகவே சொல்லின. மீதி ஒரு பங்கில் குறைவு. அந்த ஒரு பங்கையும் நாம் மதிக்க வேண்டும். ப்ரொஜெக்டரில் ஓட்டிவிட்டு ரெக்கார்டு எழுதச் சொல்கிற வகுப்பை யாராவது அளந்திருந்தால், குறைவு என்றுதான் வந்திருக்கும்.

ஆராய்ச்சிக்குப் போகிறவன் திசுவைத் தொட வேண்டும் என்று ஐயா சொன்னது சரிதான். அவர்களுக்கு அனுமதி பெற்ற விலங்கறை உண்டு, நிறுவன நெறிக்குழு உண்டு, எத்தனை விலங்கு, ஏன் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன மூன்று வழிகள், மாற்று, குறை, வலியைத் தணி, அங்கே முழுதாகப் பொருந்தும். பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தேவை இல்லை.

---

குப்பம் ஆசிரியர்

சின்ன இடையீடு. எங்கள் பக்கம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கு வழியில் படிக்கிறார்கள், கணினி அறை இருந்தும் மின்சாரம் போய்ப்போய் வரும். எனவே திரைக்கு வெளியேயும் யோசியுங்கள். பிள்ளைகளின் சொந்த உடம்பே நல்ல ஆய்வகம்.

ஒருவர் அளவுகோலைத் தொங்கவிட்டு விட, மற்றவர் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. கண்ணிலிருந்து மூளை, மூளையிலிருந்து கை, அந்தத் தாமதத்தைப் பிள்ளையே அளக்கிறாள். இயற்பியல் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளலாம், சூத்திரம் அவர்களுடையது. பாப்பா சுருங்குவதைப் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் ஜன்னல் வெளிச்சத்திலேயே பார்க்கலாம், டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்க வேண்டாம். ஓடிவிட்டு வந்து நாடி எண்ணலாம். என் வகுப்பில் அதிகம் பேசப்படுகிற பாடங்கள் இவைதான்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

இவ்வளவு பேர் மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. சில விஷயங்கள் எனக்குத் தெளிவாகிவிட்டன, சில இன்னும் இல்லை.

எந்தப் பாடத்துக்கு எது என்று பிரித்துப் பார்க்கிறேன். இதயத்தின் அமைப்புக்கு ஆட்டு இதயம், கால்நடை டாக்டர் சொன்ன மாதிரி. அனிச்சைச் செயலுக்கும் நாடிக்கும் பிள்ளைகளின் உடம்பு. நரம்பும் தசையும், இதயத்தின் மேல் மருந்தின் விளைவும் மட்டும் சிமுலேஷனில். தவளையை உயிரோடு, வயலில். இடவப்பாதி (ஜூன்) மழை தொடங்கியதும் எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள நெல் வயலில் தவளைச் சத்தத்துக்குக் குறைவே இல்லை. அறுப்புக்குப் போன அதே குளத்துப் பச்சைத் தவளை, பழைய பெயரில் ராணா ஹெக்ஸாடாக்டைலா, அங்கே இருக்கிறது. 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்வதற்கு முன்னால் ஏற்றுமதிக்குப் பிடிபட்ட இனங்களில் அதுவும் ஒன்று. முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைப்பது, வால் கரைவது என்று எல்லாவற்றையும் பிடிக்காமலேயே பார்க்கலாம். இடுக்கியில் 2003-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளை பற்றிச் சொன்னபோது, "நம்ம கேரளத்திலயா?" என்று கேட்டார்கள். அந்த ஆர்வத்தை நான் அறுப்பு மேசையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்கு இன்னும் நிற்கிற கவலை மொழிதான். எனக்குக் கிடைத்த நல்ல நிரல்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சில மலையாளத்தில். பத்தாம் வகுப்புப் பிள்ளை பொத்தானில் உள்ள சொல்லைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடுகிறது. அவளுக்குப் பாடம் புரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு விலங்கியல் தமிழ்ப் புத்தகத்தில் மண்புழு, கரப்பான், தவளை மூன்றும் விரிவாக இருக்கின்றன, அதிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிரலுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

---

சத்தியவேடு நிரலாளர்

டீச்சர், அதற்கு வழி இருக்கிறது. உங்கள் கைட் லினக்ஸில் ஃபெட் சிமுலேஷன்கள் ஏற்கெனவே இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தினுடையது அது, நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. அதில் "நியூரான்" என்று ஒன்று உண்டு. நரம்பிழைச் சுவரில் சோடியம், பொட்டாசியம் வாயில்கள் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம், ஓட்டத்தை நிறுத்திப் பின்னோக்கியும் ஓட்டலாம். சொற்களை எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கருவியும் அவர்களே வைத்திருக்கிறார்கள். இணையம் இல்லாமலும் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய தவளை அறுப்பு நிரல்கள் பல ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் எழுதியவை. 2020 முடிவோடு ஃபிளாஷ் போய்விட்டதால் அவற்றில் பல இப்போது திறக்காது. யாராவது பழைய சிடியைக் கொடுத்தால் வகுப்புக்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள்.

தசைக்கும் இதயத்துக்கும் நானே சின்னதாக ஒன்று எழுதித் தருகிறேன். ஒரே கோப்பு, பிரவுசரில் திறந்தால் போதும். முழுக்கத் தமிழில். ஒவ்வொரு முறையும் தசை கொஞ்சம் மாறும், களைக்கும், ரிங்கர் மறந்தால் காயும். மாணவி தங்கை, முதலில் நீங்கள் ஓட்டிப் பார்த்து எங்கே சலிப்பாக இருக்கிறது என்று சொல்வீர்களா?

---

வேலந்தாவளம் மாணவி

கட்டாயம் அண்ணா. ஒரு வேண்டுகோள். விடையை நிரல் சொல்லக் கூடாது. கோட்டை அளந்து நேரத்தை நாங்களே கணக்கிட வேண்டும். "சரி", "தவறு" என்று பச்சை சிவப்பு விளக்கும் வேண்டாம், அது வந்தால் எல்லோரும் பச்சை வரும் வரை அழுத்துவார்கள். அடுத்த தூண்டலுக்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுதிவைத்தால்தான் பொத்தான் வேலை செய்கிற மாதிரி வைக்க முடியுமா?

---

பழைய விலங்கியல்

அம்மிணி கேட்பது சரியான கேள்வி. முன்கூட்டி எழுதச் சொல்லாத எந்தப் பரிசோதனையும் வேடிக்கைதான், தவளை இருந்தாலும் திரை இருந்தாலும்.

ஆராய்ச்சி மாணவனுக்கு உண்மைத் திசு வேண்டும் என்பதிலிருந்து நான் நகரவில்லை, நகரி டாக்டரும் அதை ஒப்புக்கொள்கிறார். பள்ளிக்கு அது வேண்டாம் என்பதை ஏற்கிறேன்.

இந்த நிரலுக்கு என்னால் ஓர் உதவி செய்ய முடியும். அரக்கில் முக்கிய பழைய கைமோகிராஃப் காகிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. தனிச் சுருக்கம், இரண்டு தூண்டல் சேர்ந்தது, களைப்பு, குளிரிலும் சூட்டிலும் எடுத்தது, இதயத்தில் அட்ரினலினும் அசிட்டைல்கோலினும் எல்லாம் உண்டு. சில நன்றாக வந்தவை, சில பாழானவை. பாழானவற்றையும் தருகிறேன். பிள்ளைகள் திரையில் வந்த கோட்டை இவற்றோடு வைத்துப் பார்க்கட்டும். எந்தக் காகிதத்தில் ஊசி அழுத்தமாக உட்கார்ந்தது, எதில் நரம்பு செத்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

---

கொல்லங்கோடு கால்நடை

ஐயா, இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. அந்தத் தவளைகள் ஒரு முறை இறந்தாயிற்று, அவற்றின் பதிவு எத்தனை வகுப்புக்கும் பயன்படும். நான் மாதம் ஒருமுறை சித்தூர் வழியாகப் போவேன், காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து தருகிறேன்.

---

சத்தியவேடு நிரலாளர்

ஐயா, மிக்க நன்றி. டாக்டர், ஸ்கேன் செய்யும்போது கோட்டுக்குக் கீழே ஓடுகிற இசைக்கவை அலையை வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் நொடிக்கு 100 அதிர்வு இருக்கும், அதை வைத்துத்தான் நேரத்தை அளக்க முடியும். தூண்டல் கொடுத்த இடத்தில் ஐயா ஒரு குறி போட்டிருப்பார், அதுவும் தெரிய வேண்டும். காகிதத்தின் பின்புறம் வெப்பநிலை ஏதாவது எழுதியிருந்தால் அதையும் தனியாக ஒரு படம் எடுங்கள். மாணவி கேட்ட "முதலில் எழுது, பிறகு அழுத்து" முறையை வைத்துவிடுகிறேன். டீச்சர், பொத்தான்களுக்கான சொற்களை மட்டும் நீங்கள் அனுப்புங்கள், உங்கள் பிள்ளைகள் வகுப்பில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே.